தோற்ற கட்சியில் சேர்ந்த மாநிலம்

1

கென்டக்கி என்ற பெயர் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு வறுத்த கோழிக் கடை மூலம்தான் அறிமுகம். கடை வாசலில் சிரிக்கும் அந்தக் கிழவரை எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கறுப்பு நாடா, ஆட்டுத்தாடி. பழைய அமெரிக்கத் தெற்கின் பண்ணைப் பிரபு ஒருவர் நம்மை விருந்துக்கு அழைப்பதான பாவனை. இந்த ஹார்லண்ட் சாண்டர்ஸ் பிறந்தது கென்டக்கியில் அல்ல. ஒஹையோ நதிக்கு வடக்கே, இந்தியானா மாநிலத்தில், 1890இல். கர்னல் என்பது போர்க்களத்தில் பெற்ற பதவியும் அல்ல. கென்டக்கி ஆளுநர்கள் வழங்குகிற மரியாதைப் பட்டம் அது. இவருக்கு 1935இல் கிடைத்தது. அவர் சமைத்து விற்ற கார்பின் என்ற ஊர் கென்டக்கியில் இருப்பது உண்மை. ஆனால் அவரிடம் உரிமம் பெற்றுத் திறந்த முதல் கடை 1952இல் யூட்டா மாநிலத்து ஸால்ட் லேக் சிட்டியில். ஆக, தெற்கு என்பது இங்கே ஓர் உடுப்பு. தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கோழிக் கடையைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. வேஷம் கட்டுவது வியாபாரியின் பிழைப்பு. என் வழக்கு அந்த வேஷத்துக்குத் துணி நெய்து கொடுத்தவர்களோடு: சரித்திரம் எழுதியவர்கள், சிலை வைத்தவர்கள், பாட்டுப் பாடியவர்கள், எல்லாருக்கும் மேலாகக் கவிஞர்கள், விமர்சகர்கள். இவர்களில் சிலர் நமக்கும் விமர்சனம் சொல்லிக்கொடுத்தவர்கள். அதனால்தான் ஒரு தமிழ்ச் சிறுபத்திரிகையில் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கென்டக்கியைப் பற்றி எழுத வருகிறவர்கள் 'இது தெற்கா, வடக்கா?' என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒரு கோஷ்டி பேச்சின் இழுவை, விருந்தோம்பல், புகையிலை வயல், பூர்பன் விஸ்கி, குதிரைப் பண்ணை என்று அடுக்கி, தெற்கேதான் என்று சத்தியம் செய்கிறது. அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு இலாகாவும் தெற்கில்தான் சேர்த்திருக்கிறது. இன்னொரு கோஷ்டி, 1861இல் கென்டக்கி பிரிந்து போகவில்லை, ஐக்கியத்தில் நின்றது என்று ஏட்டைப் புரட்டிக் காட்டுகிறது. மூன்றாவது கோஷ்டி சமர்த்தர்கள். இரண்டும் கலந்தது, எல்லை மாநிலம், பாலம், சங்கமம் என்று சொல்லி எல்லோரையும் திருப்திப்படுத்தி அனுப்புகிறவர்கள்.

மூன்று பதில்களையும் நான் நிராகரிக்கிறேன். மூன்றும் திசையைப் பற்றிப் பேசுகின்றன. மனிதனை மனிதன் உடைமையாக வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அந்தச் சமூகம் என்ன பதில் சொல்லிற்று, பிறகு அந்தப் பதிலை எதைப் போர்த்தி மறைத்தது என்பதுதான் விஷயம். திசைகாட்டியை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் காண முடியாது.

2

1860 ஜனத்தொகைக் கணக்கில் கென்டக்கியின் மக்கள் சுமார் பதினொன்றரை லட்சம். அதில் 2,25,483 பேர் அடிமைகள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். லெக்ஸிங்டன் நகரின் சீப்ஸைட் சந்தையில் மனிதர்களை ஏலம் விட்டார்கள். அங்கிருந்து தெற்கே, பருத்திக்கும் கரும்புக்கும், அவர்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். கென்டக்கியின் அடிமைமுறை சாதுவானது, குடும்பப் பாங்கானது என்று ஒரு புராணம் உண்டு. பெற்ற பிள்ளையைச் சந்தையில் விற்ற குடும்பப் பாங்கு அது.

1861 மே மாதம், நாடு இரண்டாகப் பிளந்து சண்டைக்கு நிற்கும்போது, ஆளுநர் பெரியா மகாஃபின் கென்டக்கி நடுநிலை என்று பிரகடனம் செய்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இந்த ஆறு வெறும் பழமொழி ஆறு அல்ல, ஒஹையோ நதி. அதன் வடகரையில் அடிமைமுறை சட்டவிரோதம். தென்கரையில் அதுதான் சட்டம். 1856 ஜனவரியில் உறைந்து கிடந்த இந்த நதியை மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் தன் குடும்பத்தோடு நடந்தே கடந்து சின்சினாட்டி போய்ச் சேர்ந்தாள். வடகரையிலேயே வளைத்துப் பிடித்தார்கள். பிடிபடும் தருணத்தில், திரும்பவும் அடிமையாக வேண்டாம் என்று தன் மகளின் கழுத்தைத் தானே அறுத்தாள். வடகரையின் நீதிமன்றம் அவளைத் தென்கரைக்கே திருப்பி அனுப்பிற்று. டோனி மாரிஸனின் 'பிலவ்ட்' நாவலுக்கு (1987) வித்து இந்தச் சம்பவம். அந்த நாவலில் அடிமைகள் தப்பியோடுகிற கென்டக்கிப் பண்ணையின் பெயர் 'ஸ்வீட் ஹோம்'. இனிய இல்லம்! சங்கமம், பாலம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பாலத்தின் மீது ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

நடுநிலை நான்கு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செப்டம்பரில் தெற்குத் தளபதி போக் கொலம்பஸ் ஊரைப் பிடித்தார்; சில தினங்களில் கிராண்ட் படுக்காவைப் பிடித்தார்; சட்டசபை ஐக்கியத்தின் பக்கம் சாய்ந்தது. நவம்பரில் வேறொரு கூட்டம் ரஸல்வில்லில் கூடி ஒரு போட்டி அரசாங்கத்தை அமைத்துக்கொண்டது. தென்னாட்டார் அதையும் ஏற்றுத் தம் கொடியில் ஒரு நட்சத்திரம் ஒதுக்கினார்கள். ஒரே சமயத்தில் இரண்டு கொடிகளிலும் கென்டக்கிக்கு நட்சத்திரம்! இந்த மாநிலத்தின் இலச்சினையில் பொறித்திருப்பது ஒற்றுமையைப் புகழ்ந்து பிரிவினையைப் பழிக்கும் வாசகம் என்பதையும் சேர்த்துப் படித்தால் வேறு நகைச்சுவை தேவையில்லை.

ஆனால் சிரிப்பு இங்கேயே நின்றுவிடுகிறது. கென்டக்கியை இழப்பது கிட்டத்தட்ட ஆட்டத்தையே இழப்பது என்று லிங்கன் அந்தச் செப்டம்பரில் ஒரு நண்பருக்கு எழுதினார். கென்டக்கியைக் கையில் வைத்துக்கொள்வதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? 1863 ஜனவரி 1இல் வந்த விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தாது. கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகளுக்குத்தான் விடுதலை. விசுவாசமாக இருந்த மாநிலத்தின் அடிமைகள் அடிமைகளே. அந்த விசுவாசத்தின் உள்ளீடு இதுதான். அடிமைகளைக் காப்பாற்றிக்கொள்ள ஐக்கியமே பத்திரமான பெட்டகம் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்களில் ஏராளம்.

கணக்கைக் கெடுத்தவர்கள் அடிமைகளே. 1864இல் படையில் சேர அவர்களுக்கு வழி திறந்தது. சேர்ந்தால் விடுதலை. பண்ணைகளை விட்டு இரவோடிரவாக நடந்து கேம்ப் நெல்சன் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கென்டக்கியில் மட்டும் ஏறக்குறைய 24,000 கறுப்பர்கள் சிப்பாய்களானார்கள். லூயிஸியானாவைத் தவிர வேறெந்த மாநிலமும் இத்தனை பேரைத் தரவில்லை. பின்னாலேயே மனைவி மக்களும் வந்தார்கள். அவர்களுக்கு விடுதலை இல்லை; இடமும் இல்லை. 1864 நவம்பர் கடைசியில், கடுங்குளிரில், சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி முகாமுக்கு வெளியே கொண்டு போய் விட்டார்கள். குடிசைகளையும் பிரித்து அழித்தார்கள். 102 பேர் செத்தார்கள். செய்தது வடக்கின் படை, அதுவும் தன் சொந்தச் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு. எழுந்த கண்டனத்தின் விளைவாகத்தான் 1865 மார்ச்சில் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டம் வந்தது. 'கென்டக்கி வடக்கோடு நின்றது' என்று பெருமை பேசுகிற இரண்டாவது கோஷ்டிக்கு இந்தப் பக்கம் ஏன் கண்ணில் படுவதில்லை?

3

அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தத்தைக் கென்டக்கிச் சட்டசபை 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. அந்த வருஷ டிசம்பரில் திருத்தம் மற்ற மாநிலங்களின் சம்மதத்தால் அமலுக்கு வந்தபோதும் கென்டக்கியில் பல்லாயிரம் பேர் இன்னும் அடிமைகள். அந்த நிராகரிப்பை மாற்றிச் சம்மதம் தர கென்டக்கிக்கு 1976 வரை பிடித்தது. அதையும் முன்னின்று நடத்தியவர் மே ஸ்ட்ரீட் கிட் என்ற கறுப்பினச் சட்டசபை உறுப்பினர்.

போர் முடிந்தபிறகே கென்டக்கி பிரிந்து போயிற்று என்று சரித்திர ஆசிரியர் கூல்ட்டர் 1926இல் எழுதினார். தெற்கின்மீது வாஞ்சை உள்ள அவர் அதை ஒரு சாதுரியமாகச் சொன்னார். நான் அதை ஒரு குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்கிறேன். வெல்லுமா தோற்குமா என்று தெரியாத காலத்தில் சேராத கட்சியில், தோற்று முடிந்தபின் சேர்ந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, நிலம் பறிபோகாது, சோகமும் கம்பீரமும் மட்டும் இலவசமாகக் கிடைக்கும். 1875இல் தென்னாட்டுப் படையின் முன்னாள் அதிகாரி மக்ரீரி ஆளுநரானார். 1887இல் டோனல்ஸன் கோட்டையை கிராண்டிடம் ஒப்படைத்த அதே தளபதி பக்னர் ஆளுநரானார். கென்டக்கியர்களில் வடக்கின் படையில் இருந்தவர்கள் தெற்கின் படையில் இருந்தவர்களைவிடப் பல மடங்கு. ஆனாலும் சிலைகளையும் ஸ்தூபிகளையும் எண்ணிப் பார்த்தால் தோற்றவர்களுக்கு வைத்தவையே அதிகம்.

லிங்கனும் தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்ஸன் டேவிஸும் இதே கென்டக்கியில் எட்டு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். டேவிஸ் பிறந்த ஃபேர்வியூவில் 351 அடி உயரத்துக்குக் கான்கிரீட் ஸ்தூபி ஒன்றை எழுப்பி 1924இல் திறந்தார்கள். லிங்கன் பிறந்த இடத்தில் ஒரு பளிங்கு மண்டபம். அதற்குள் ஒரு மரக்குடிசை. பல காலம் பக்தர்கள் அதை அவர் பிறந்த குடிசை என்றே தரிசித்தார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், லிங்கன் பிறந்து பல பத்தாண்டுகள் கழித்து வெட்டிய மரம் என்று தெரிந்தது. இந்தப் பக்கமும் ஜோடனை, அந்தப் பக்கமும் ஜோடனை. ஃபிராங்க்ஃபர்ட் தலைமைச் சட்டசபைக் கட்டடத்தில், லிங்கன் நிற்கும் அதே வட்ட மண்டபத்தில் 1936இல் டேவிஸுக்கும் பளிங்குச் சிலை வைத்தார்கள். 2020 ஜூனில் அதை அகற்றியபோது பீடத்துக்குள் 1936ஆம் வருஷத்துப் பத்திரிகை ஒன்றும் பூர்பன் புட்டி ஒன்றும் இருந்தன. சரித்திரத்தின் அஸ்திவாரம் என்று நம்மை வணங்கச் சொன்னதன் அடியில் ஒரு சாராயப் புட்டி!

இதே கென்டக்கியில் எழுதிய இன்னொரு பிரதி உண்டு. 1871இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் கறுப்பர்கள் அமெரிக்க காங்கிரஸுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தம் மக்கள் மீது நடந்த 116 வன்முறைகளை வரிசை எண் போட்டு எழுதினார்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, என்ன செய்தார்கள். அதில் அலங்காரமில்லை, புலம்பலில்லை. கென்டக்கியின் இலக்கியம் என்று தொகுதி போடுகிறவர்கள் இந்த மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பேன். ஆரம்பிக்க மாட்டார்கள். அதில் மண்வாசனை இல்லை, பிணவாசனைதான் இருக்கிறது.

4

இனி நம் குருநாதர்களுக்கு வருகிறேன்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த என் போன்றவர்களுக்குக் கவிதையைப் படிக்கச் சொல்லித்தந்தது கிளிந்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் சேர்ந்து 1938இல் வெளியிட்ட பாடப்புத்தகமும் அதன் வழிவந்த குறிப்பேடுகளும்தான். கவிதைக்கு வெளியே போகாதே. கவிஞன் யார், எங்கே பிறந்தான், எந்தக் கட்சி என்று கேட்காதே. சொல்லைப் பார், முரணைப் பார், இறுக்கத்தைப் பார். 'எழுத்து' காலத்திலிருந்து அலசல் விமர்சனம் என்று நாம் பழகியதிலும் இந்தக் குரல் கேட்கிறது. நல்ல பயிற்சி, நான் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் கேட்கக் கூடாது என்று சொன்ன கேள்வியை அவர்களிடமே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எங்கே பிறந்தீர்கள் ஐயா?

புரூக்ஸ் 1906இல், மரி நகரில். வாரன் 1905இல், கத்ரியில். இவர்களின் சகாவான ஆலன் டேட் 1899இல், வின்செஸ்டரில். மூன்றும் கென்டக்கி. நவவிமர்சனத்தின் மூன்று தூண்கள், பிரிந்தே போகாத மாநிலத்தில் பிறந்தவர்கள். இவர்களில் டேட்டும் வாரனும் 1930இல் வெளியான 'ஐ வில் டேக் மை ஸ்டாண்ட்' என்ற தென்னாட்டுப் பிரகடனத்தின் பன்னிரண்டு கட்டுரையாளர்களில் இருவர். யந்திர நாகரிகத்தை எதிர்த்து, உழவையும் மண்ணையும் மரபையும் போற்றிய புத்தகம். அந்த உழவை உழுதவன் யார் என்ற கேள்விக்கு அதில் இடம் சொற்பம். இடம் கொடுத்த வாரனின் கட்டுரையும் கறுப்பன் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் இருப்பதே நல்லது என்று முடிவுகட்டிற்று.

டேட்டின் கதை இன்னும் விசேஷம். அவருடைய தாய், நீ பிறந்தது வர்ஜீனியாவில் என்று சொல்லியே அவரை வளர்த்தார். கென்டக்கியில் பிறந்தவர் என்பதே அவருக்கு வயது வந்தபின்தான் தெரிந்தது. வர்ஜீனியா என்றால் அசல் தெற்கு, குலப் பெருமை. கென்டக்கி இரண்டாம் தரம். ஒரு தாய் மகனின் ஜாதகத்தையே திருத்துகிறாள்! இந்த மகன்தான் 1920களில் தெற்கின் போர்வீரர் கல்லறையை நோக்கி ஒரு நெடுங்கவிதை எழுதி, பத்து வருஷம் அதைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு 1938இல் தானே அதற்கு ஒரு விளக்கமும் எழுதினார். கவிதையின் விஷயம் தன்னுள் அடைபட்ட மனம், நார்ஸிஸஸின் நிலை என்றார். கல்லறையில் படுத்திருப்பவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது விஷயமல்லவாம். கவிதையில் வேலைப்பாடு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதில் சுவருக்கு வெளியே பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் கிடப்பவர்களைப் பார்க்காமலிருக்க, 'கவிதைக்கு வெளியே போகாதே' என்ற விதி எத்தனை சௌகரியமாகப் போயிற்று! சரித்திரத்தைக் கேட்காதே என்று சொன்னவர்கள் சரித்திரமற்றவர்கள் அல்ல. தமக்கு வேண்டிய சரித்திரத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தியவர்கள்.

வாரன் இதிலிருந்து வெளியே வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். டேவிஸ் பிறந்த ஃபேர்வியூ அவர் பிறந்த அதே டாட் கவுண்டியில். அந்த ஸ்தூபி எழும்புவதைச் சிறுவனாகப் பார்த்து வளர்ந்தவர் அவர். 1956இல் தெற்கைச் சுற்றி வந்து இனப் பிரிவினையைப் பற்றி ஒரு புத்தகம். 1965இல், ஒலிப்பதிவுக் கருவியோடு போய், மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், எல்லிஸன் முதலிய பலரின் எதிரே உட்கார்ந்து கேட்டு எழுதிய இன்னொரு புத்தகம். நாம் கவனிக்க வேண்டியது, இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை. பிரதிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து வரவில்லை. எழுந்து வெளியே போய், மற்றவன் பேசக் கேட்டதால் வந்தது. அவருடைய பாடப்புத்தகத்தைப் பாராயணம் செய்த நம் விமர்சகர்களுக்கு இந்தப் பாடம் மட்டும் எட்டவில்லை.

5

சொல்லை மட்டும் பார் என்கிறீர்களா? பார்ப்போம். கென்டக்கியின் அதிகாரபூர்வ மாநிலப் பாட்டு, ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1853இல் வெளியிட்டது. இவரும் வெளியூர்க்காரர், பென்ஸில்வேனியா. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலின் பாதிப்பில் எழுந்த பாட்டு அது. கென்டக்கியிலிருந்து தெற்கே கரும்புத் தோட்டத்துக்கு விற்ற அடிமை வீட்டிடம் விடைபெறுகிற குரல் அதில் இருக்கிறது. 1928இல் மாநிலப் பாட்டானது. லூயிவில்லில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் டெர்பி குதிரைப் பந்தயத்தில், தொப்பியும் பட்டும் அணிந்த பெரும் ஜனக்கூட்டம் கண்கலங்க அதைப் பாடுகிறது. பாட்டில் கறுப்பர்களைக் குறிக்கும் ஓர் இழிசொல் இருந்தது. 1986இல் ஜப்பானிய விருந்தினர் சிலர் சட்டசபையில் அதை அப்படியே பாடக் கேட்டபின், சபையின் கறுப்பின உறுப்பினர் கார்ல் ஹைன்ஸ் தீர்மானம் கொண்டுவந்து, அந்தச் சொல்லுக்குப் பதில் 'மக்கள்' என்று மாற்றவைத்தார்.

இழிசொல் போகவேண்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பொதுச்சொல் என்ன வேலை செய்கிறது என்று அலசிப் பாருங்கள். இழிசொல்லோடு, பாடுகிறவன் யார் என்ற தடயமும் போயிற்று. இப்போது வீட்டைப் பிரிந்து ஏங்குவது விற்பனையான அடிமை அல்ல, எல்லோரும். அவனை விற்றவனின் பேரனும் அதே வரியில் ஏங்கலாம். விலை போனவனின் அழுகையை விற்றவன் வீட்டாரே தேசிய கீதமாக்கிக்கொண்டார்கள். இந்தப் பாட்டைப் பாடும் டெர்பியின் முதல் பந்தயத்தில், 1875இல், பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பர்கள். ஜெயித்தவர் ஆலிவர் லூயிஸ், அவரும் கறுப்பர். ஐஸக் மர்ஃபி மூன்று முறை வென்றார். 1901இலும் 1902இலும் வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்ட் பிறகு பிழைப்புக்கு ருஷ்யா போனார். குதிரையிலிருந்தும் இறக்கிவிட்டார்கள், பாட்டிலிருந்தும் இறக்கிவிட்டார்கள்.

6

'அப்படியானால் அடையாளமே பொய், எல்லாம் ஜோடனை என்கிறாயா?' என்று ஒரு கேள்வி வரும் என்று தெரியும். அந்தச் சோம்பேறித்தனமும் எனக்கு உடன்பாடல்ல. எல்லா அடையாளமும் யாரோ கட்டியதுதான். எதை நினைவில் வைத்துக்கொள்ளக் கட்டினார்கள், எதை மறக்கக் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு உதாரணம். ஃபிராங்க் எக்ஸ் வாக்கர், கென்டக்கி டான்வில்லில் பிறந்த கறுப்பினக் கவிஞர். அப்பலாச்சியர் என்றால் அந்த மலைப் பிரதேசத்தின் வெள்ளையர் என்று ஒரு அகராதி பொருள் சொல்லக் கண்டு, 1991இல் 'ஆஃப்ரிலாச்சியர்' என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கினார். அதுவும் கட்டியதுதான், ஒரு மத்தியானத்தில் செய்த சொல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது யாரையும் மறைக்கவில்லை. ஏற்கனவே அங்கே இருந்தவர்களை அகராதிக்குள் கூப்பிட்டது. அதன் பெயரில் கவிஞர்கள் கூடினார்கள், புத்தகங்கள் வந்தன. ஐஸக் மர்ஃபியின் குரலில் வாக்கர் கவிதைகள் எழுதினார். 2024இல் வெளிவந்த தொகுப்பில் கென்டக்கியின் கறுப்புச் சிப்பாய்களையும் அவர்கள் குடும்பங்களையும் பேச வைத்தார். டேட் மதிலுக்கு உள்ளே நின்று தன் பிம்பத்தைப் பார்த்தார். இவர் மதிலுக்கு வெளியே போனார். ஹாப்கின்ஸ்வில்லில் பிறந்து, வெளியே போய்ப் பெயர் பெற்று, திரும்பி வந்து 2021இல் பெரியாவில் இறந்த பெல் ஹூக்ஸும் கென்டக்கியை விட்டுக்கொடுத்தவர் அல்ல. என் மண் என்றும் சொன்னார், அந்த மண் தனக்குச் செய்ததையும் சொன்னார்.

நம்மில் வட்டாரம், மண், வேர் என்று பேசுகிறவர்கள் அமெரிக்கத் தெற்கை ஆதர்சமாகக் காட்டுவது இன்னும் நிற்கவில்லை. காட்டட்டும். ஆனால் எந்தத் தெற்கு, யார் தைத்தது, எந்த வருஷம் தைத்தது என்று கேட்டுவிட்டுக் காட்டட்டும். கென்டக்கி தெற்கா வடக்கா என்று மீண்டும் யாராவது கட்டுரை வாசிக்க வந்தால், நான் ஒன்றுதான் கேட்பேன். 1864 நவம்பரில், கணவன் உள்ளே சிப்பாயாக நிற்க, குழந்தையோடு முகாமுக்கு வெளியே குளிரில் நின்ற அந்தப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் வடக்கு? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கட்டுரையை வாசிக்கட்டும்.